வெல்டரின் மூச்சுக்கும் ஓர் அளவு வேண்டும்

நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள், கோவையில் பம்புகளும் வார்ப்புகளும், அம்பத்தூரிலும் ஓசூரிலும் வாகன உதிரிபாகங்கள் என்று இம்மாநிலத்தின் தொழில் வளர்ச்சியில் பெரும்பங்கு உலோகத்தை உருக்கியும் வெட்டியும் இணைத்தும் தேய்த்தும் வந்தது. இந்த ஆலைகளின் புகைபோக்கியில் என்ன வெளியேறுகிறது என்று அளக்கிறார்கள். மதில் ஓரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்றும் அளக்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பதால் அந்த அறிக்கைகள் கோப்பில் தவறாமல் இருக்கின்றன. புகைபோக்கிக்கும் மதிலுக்கும் நடுவே, வெல்டிங் சுடருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் வேலை பார்க்கும் மனிதர் இழுக்கும் காற்றில் எவ்வளவு மாங்கனீசு, எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலான பட்டறைகளில் எந்தக் கோப்பிலும் கிடையாது.

இதைச் சரிசெய்ய இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் ஆகியவற்றுக்கான 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பணியிடக் காற்றில் எந்த நச்சு எவ்வளவு இருக்கலாம் என்ற வரம்புகள் பழைய சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், நாடு முழுமைக்கும் ஒன்றாக இருந்தன. புதிய சட்டம் அந்த வரம்புகளை விதிகளாக வகுக்கும் பொறுப்பை மாநில அரசிடம் கொடுத்திருக்கிறது. பழைய அட்டவணையை அப்படியே படியெடுத்து வைப்பதா, இன்றைய அறிவைக் கொண்டு புதிதாக எழுதுவதா என்பதை இனி சென்னையில்தான் முடிவு செய்ய வேண்டும்.

கண்ணுக்குப் புகை, நுரையீரலுக்கு உலோகம்

வெல்டிங்கில் எழுவதைப் புகை என்று சொல்லிப் பழகிவிட்டோம். சுடரின் வெப்பத்தில் ராடும் தகடும் ஆவியாகி, அந்த ஆவி காற்றில் பட்டதும் குளிர்ந்து உறைந்து உண்டாகும் உலோகத் துகள்களே அவை. பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. மூக்கு முடியும் தொண்டைச் சளியும் தடுத்து நிறுத்தும் அளவைவிட மிகவும் நுண்ணியவை என்பதால் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்கின்றன. முகத்தில் கட்டிக்கொள்ளும் துண்டும் துணி மாஸ்க்கும் இவற்றுக்குத் தடையே இல்லை. கிரைண்டிங்கில் பறக்கும் தூசு இதைவிடப் பெரியது. கண்ணில் படுகிறது, சட்டையில் ஒட்டுகிறது. அதனாலேயே அதைக் கண்டு பயப்படும் அளவுக்கு வெல்டிங் புகையைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

எந்த உலோகத்தில் வேலை என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். சாதாரண இரும்பில் வெல்டிங் செய்தால் இரும்புத் துகளோடு மாங்கனீசும் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நிக்கலும், குரோமியத்தின் மிக மோசமான வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமும் சேர்ந்து வரும். ஜி.ஐ. பைப்பின் மேற்பூச்சு துத்தநாகமாக எழும். காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றவைப்பு, காரீயப் பெயிண்ட் அடித்த பழைய இரும்பைக் கேஸ் கட்டிங்கில் அறுப்பது ஆகியவை தனி ஆபத்துகள்.

ஜி.ஐ. வேலை பார்த்த அன்று மாலை குளிரோடு காய்ச்சல் வருவதும் மறுநாள் அது தானாக இறங்குவதும் வெல்டர்களுக்குப் பழகிப்போனவை. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் இது கடுமையாக வருவதால், உலகின் பல இடங்களில் தொழிலாளர்கள் இதைத் திங்கள் காய்ச்சல் என்றே அழைத்திருக்கிறார்கள். பால் குடித்தால், வெல்லம் தின்றால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். ஏற்கெனவே நுரையீரலுக்குள் இறங்கிய உலோகத்தை எந்த வெல்லமும் வெளியே கொண்டுவராது. காய்ச்சல் இறங்குவது உடலின் இயல்பு, அவ்வளவுதான்.

மற்ற நோய்கள் இத்தனை சீக்கிரம் முகம் காட்டுவதில்லை. மாங்கனீசு மூளையில் படிந்து நடையைத் தளர்த்தும், கையை நடுங்க வைக்கும். கிளாஸ்கோவில் மாங்கனீசுத் தாது அரைத்த தொழிலாளர்களிடம் ஜான் கூப்பர் என்ற மருத்துவர் 1837-லேயே இதைப் பதிவு செய்தார். குரோமியமும் நிக்கலும் ஆஸ்துமாவைத் தூண்டும், புற்றுநோயை உண்டாக்கும். வெல்டர்களுக்கு நிமோனியா எளிதில் தொற்றுவதால், அவர்களுக்கு நிமோனியாத் தடுப்பூசி போடலாம் என்று பிரிட்டனில் பரிந்துரையே இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அதுவரை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் இருந்த வெல்டிங் புகையை 2017-இல் ‘மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி’ என்ற முதல் பிரிவுக்கு மாற்றியது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் வெல்டர்களாகவே வேலை பார்ப்பதாகவும், வேறு வேலைகளில் இருந்துகொண்டே இந்தப் புகைக்கு ஆளாவோர் மேலும் 11 கோடிப் பேர் இருக்கலாம் என்றும் அந்த முகமை மதிப்பிட்டது.

காலரில் மாட்டிய வடிகட்டி

காற்றில் உள்ள உலோகத்தை அளக்கும் முறை ஒன்றும் புதிரானதல்ல. தொழிலாளியின் இடுப்பு பெல்ட்டில் கையடக்கமான ஒரு பம்பு. அதிலிருந்து ஒரு குழாய் தோள்வழியாக ஏறிச் சட்டைக் காலரில் முடியும். முனையில் ஒரு சிறு டப்பாவுக்குள் வட்டமான வடிகட்டித் தாள். பம்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் காற்றை அந்தத் தாள்வழியாக இழுக்கும். ஷிப்ட் முடிந்ததும் தாளை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் நுண்தராசில் நிறுத்தால் மொத்தத் துகளின் எடை கிடைக்கும். பிறகு தாளை அமிலத்தில் கரைத்துக் கருவியில் செலுத்தினால் மாங்கனீசு இவ்வளவு, நிக்கல் இவ்வளவு, காரீயம் இவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடும். இழுத்த காற்றின் கனஅளவால் வகுத்தால் கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண் கிடைக்கும். நுரையீரலின் ஆழம் வரை போகும் நுண்துகளை மட்டும் பிரித்து அளக்க, டப்பாவுக்கு முன்னால் சிறிய சுழல்பிரிப்பான் ஒன்றை மாட்டுவார்கள்.

முக்கியமானது டப்பா இருக்கும் இடம். மூக்கையும் வாயையும் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும். இதைத்தான் சுவாச மண்டலம் என்கிறார்கள். பிரிட்டனின் ஹார்வெல் அணு ஆய்வு மையத்தில் ஷெர்வுட், கிரீன்ஹால்ஷ் என்ற இருவர் 1960-இல் உடலில் மாட்டிக்கொள்ளும் பம்பை வடிவமைத்தார்கள். அறையின் மூலையில் நிறுத்திய கருவி காட்டியதைவிட மனிதர் மேல் மாட்டிய கருவி காட்டிய அளவு அதிகமாக இருந்தது. தூசு உண்டாவது மனிதரின் கைக்கருகில், அவர் குனிந்து பார்க்கும் இடத்தில்தானே. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகிவிட்ட இந்த உண்மைக்குப் பிறகும், ஷெட்டின் நடுவில் ஒரு ஸ்டாண்டை நிறுத்தி எடுத்த அளவைத் தொழிலாளியின் அளவாகக் காட்டும் அறிக்கைகளை ஏற்றுக்கொள்வது தவறு.

அளவு ஏமாற்றும் வழிகள்

கருவி சரியாக இருந்தாலும் எண் தவறாகலாம். முகக் கவசத்துக்கு வெளியே உள்ள காற்றும் உள்ளே உள்ள காற்றும் ஒன்றல்ல. வெல்டர் இழுப்பது உள்ளே உள்ள காற்றை. ஆகவே கவசத்துக்கு உட்புறம் அளக்க வேண்டும் என்கிறது இதற்கான பன்னாட்டுத் தரவிதி. ஆறு இணைதிறன் குரோமியம் வடிகட்டித் தாளில் இருக்கும்போதே இரும்போடு வினைபுரிந்து தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாறிவிடும். தாளை ஆய்வகத்துக்கு அனுப்பத் தாமதித்தால் எண் குறைந்து வரும், நிர்வாகமும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடும்.

எந்த நாளில் அளக்கிறோம் என்பதும் பெரிய விஷயம். ஆர்டர் குறைந்த நாளில், கதவெல்லாம் திறந்து வைத்து அளந்தால் எந்தப் பட்டறையும் தேறிவிடும். டேங்குக்குள் இறங்கி வெல்டிங் செய்யும் நாளில் அளக்க வேண்டும். ‘சி.ஓ.டூ’ வெல்டிங்கில் காற்றடித்தால் காப்பு வாயு கலைந்து இணைப்பில் ஓட்டை விழும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அளக்க வேண்டும். மற்ற நேரத்தில் பெடஸ்டல் ஃபேன் ஒருவர் முகத்திலிருந்து விரட்டும் புகை அடுத்தவர் முகத்துக்குப் போகிறது. கவசம்கூட இல்லாமல் பக்கத்தில் நின்று தகட்டைப் பிடித்துக்கொடுக்கும் ஹெல்பருக்கும் பம்பு மாட்ட வேண்டும். பெரும்பாலும் அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி என்பதால் அளப்பவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருப்பதில்லை.

வேலை நேரமும் கணக்கில் வர வேண்டும். வரம்புகள் எல்லாம் எட்டு மணி நேர வேலையை வைத்து எழுதப்பட்டவை. ஓவர்டைம் சேர்ந்து 12 மணி நேரம் நின்றால் உடலுக்குள் போகும் அளவு கூடும், அதை வெளியேற்ற உடலுக்குக் கிடைக்கும் ஓய்வு குறையும். இதற்கென்று தொழிற்சுகாதாரத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கின்படி, 12 மணி நேர ஷிப்டுக்கு வரம்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

வரம்புக்குள் இருந்தும் ஆபத்து

இனி வரம்புகளைப் பார்ப்போம். போபால் பேரழிவுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது நச்சு வரம்புகளின் அட்டவணை சேர்க்கப்பட்டது. அந்த நாளுக்கு அது பெரிய முன்னேற்றம்தான். அதில் வெல்டிங் புகைக்கு வரம்பு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம். மாங்கனீசுப் புகைக்கு 1 மில்லிகிராம். காரீயத்துக்கு 0.15 மில்லிகிராம். அன்றைய அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பின் பரிந்துரைகளை ஒட்டியவை இவை.

அதே அமைப்பு வெல்டிங் புகைக்கான 5 மில்லிகிராம் வரம்பை 2004-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மொத்தப் புகைக்கு ஒரே எண் வைத்தால் உள்ளே இருக்கும் உலோகங்களின் ஆபத்து மறைந்துவிடும் என்பதே சிக்கல். மாங்கனீசுக்கான வரம்பை 2013-இல், ஆழமாக இறங்கும் நுண்துகளுக்கு 0.02 மில்லிகிராம் என்று குறைத்தது. நம் பழைய அட்டவணை அனுமதித்தது இதைப்போல் ஐம்பது மடங்கு. காரீயத்துக்கு அமெரிக்காவில் 1978-லேயே 0.05 மில்லிகிராம் சட்ட வரம்பாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் அதை 0.03-க்கு இறக்க முடிவெடுத்தது.

ஒரு சிறு கணக்கு போட்டால் விளங்கும். ஒரு பட்டறையில் வெல்டிங் புகை சரியாக 5 மில்லிகிராம், அதாவது நம் பழைய சட்டப்படி வரம்புக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புகையில் எடைக்கணக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு மாங்கனீசு என்று எடுத்துக்கொண்டால், காற்றில் அது 0.25 மில்லிகிராம். மாங்கனீசுக்கான அந்தப் பழைய வரம்புக்கும் அது உட்பட்டதுதான். ஆனால் 2013-இன் பரிந்துரையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். அறிக்கையில் ‘வரம்புக்குள்’ என்று எழுதியிருக்கும். கை நடுக்கம் தொடங்கிய தொழிலாளியிடம் அந்த அறிக்கையை எப்படிக் காட்டுவது?

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு அமெரிக்காவில் 2006 முதல் வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் வெல்டிங்குக்குக் கொடுத்திருந்த சலுகைக் காலமும் 2025 ஜனவரியோடு முடிந்து அதே 5 மைக்ரோகிராம் வந்துவிட்டது. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள ஒரு ஷெட்டை எடுத்துக்கொண்டால், மொத்தம் 5 மில்லிகிராம் பரவினாலே அந்த வரம்பை எட்டிவிடும். ஒரு நெல்மணியின் எடைகூட இல்லை அது. ‘இங்கே புகையே இல்லையே’ என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் எந்தச் சான்றிதழுக்கும் இங்கே மதிப்பில்லை.

சிறு பட்டறைகள் என்ன செய்யும்?

இதற்கெல்லாம் சிறு முதலாளியிடம் பணம் ஏது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பெரிய ஆலைக்கு வேலை எடுத்துச் செய்யும் பத்துப் பேர் கொண்ட பட்டறையால் ஆய்வகம் வைக்க முடியாது. புதிய சட்டத்தில் மின்சக்தி பயன்படுத்தும் இடங்களில் 10 பேர் என்று இருந்த தொழிற்சாலை வரையறை 20 பேர் என உயர்ந்திருப்பதால், இப்படிப்பட்ட பட்டறைகள் கவனிப்பிலிருந்து மேலும் விலகிப்போகும் அபாயமும் இருக்கிறது. புகை ஆள்கணக்குப் பார்ப்பதில்லை. சிறு ஷெட்டில்தான் கூரை தாழ்வு, காற்றோட்டமும் குறைவு.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. ஒரே விதமான வேலை செய்பவர்களை ஒரு குழுவாகக் கொண்டு அதில் சிலரிடம் மட்டும் அளந்தால் போதும். ஐரோப்பியத் தரமுறையில், ஒரு குழுவில் எடுத்த மூன்று அளவுகளும் வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் அந்தக் குழு வரம்புக்கு உட்பட்டதாகவே கொள்ளப்படும். ஓர் அளவாவது வரம்பைத் தாண்டினால் அப்போதே நடவடிக்கை. சிட்கோ தொழிற்பேட்டைகளில் பொதுவசதி மையங்கள் அமைப்பது நமக்குப் புதிதல்ல. பேட்டைக்குச் சில பம்புகள், அவற்றை மாட்டிக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர், வடிகட்டித் தாள்களைச் சோதிக்க மண்டலத்துக்கு ஓர் ஆய்வகம் என்று அரசும் தொழிற்சங்கங்களும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து ஏற்பாடு செய்யலாம். சென்னையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அறிவுக்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை. ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பில் கண்ணைக் காக்கச் சொல்லித்தருவதுபோல மூச்சைக் காக்கவும், அளவு அறிக்கையைப் படிக்கவும் சொல்லித்தர வேண்டும்.

அளந்து முடிக்கும்வரை ஒன்றும் செய்யாமல் காத்திருக்கவும் கூடாது. பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 2019 பிப்ரவரியில், சாதாரண இரும்பு வெல்டிங் உள்பட எந்த வெல்டிங்கையும் தக்க கட்டுப்பாடு இல்லாமல் செய்வதை இனி ஏற்க மாட்டோம், பாதுகாப்பான அளவு என்று அறியப்பட்ட ஒன்று இல்லை என்று அறிவித்தது. ஷெட்டுக்குள் வேலை என்றால் புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சும் கருவி வேண்டும். அந்த உறிஞ்சுவாயைச் சுடருக்கு அருகில் வைக்க வேண்டும். குழாயின் விட்டம் அளவுக்குத் தள்ளிவைத்தாலே இழுவிசை பத்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். மேலே சுவரில் சுழலும் எக்ஸாஸ்ட் ஃபேன், புகையை வெல்டரின் மூக்கைக் கடந்த பிறகுதான் வெளியேற்றுகிறது. மாஸ்க் கடைசித் துணை. உறிஞ்சு கருவி வாங்கியாகிவிட்டது என்று ரசீதைக் காட்டுவது போதாது. அது வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடியது காலரில் இருக்கும் அந்த வடிகட்டித் தாள்தான்.

எண் தொழிலாளிக்குச் சொந்தம்

இத்தனை செய்தும் அளந்த எண் நிர்வாகியின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டால் பயனில்லை. அமெரிக்காவின் குரோமிய விதியில், அளவு வரம்பைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் பொதுத் தொழிற்சாலைகளில் 15 வேலை நாட்களுக்குள் தொழிலாளிக்கு முடிவைத் தெரிவிக்க வேண்டும். நம் விதியிலும் அப்படியே எழுதலாம். அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் இடத்தில் அவர்கள் மொழியிலும் இருக்க வேண்டும்.

இதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. மாங்கனீசு, குரோமியம், காரீயம் ஆகியவற்றால் வரும் நோய்கள் 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியிலும், பின்னர் இ.எஸ்.ஐ. வழியிலும் தொழில்நோய்களாக ஏற்கப்படும் மரபில் வருபவை. இழப்பீடு பெறத் தடையாக இருப்பது சட்டமல்ல, சான்று. வெல்டருக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அவர் நான்கைந்து கான்ட்ராக்டர்களிடம், மூன்று நான்கு ஊர்களில் வேலை பார்த்திருப்பார். எந்த இடத்தில் என்ன உலோகத்தில் எவ்வளவு இழுத்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. மருத்துவர் பீடி பிடிப்பீர்களா என்று கேட்பார், ஆமாம் என்ற பதிலோடு வழக்கு முடிந்துவிடும். அளவுப் பதிவு தொழிலாளியின் இ.எஸ்.ஐ. எண்ணோடு சேர்ந்து, அவர் போகும் இடமெல்லாம் கூடவே போக வேண்டும். வேலை கொடுத்தவர் மாறினாலும் பட்டறையே மூடப்பட்டாலும் அந்தப் பதிவு அழியக்கூடாது.

மாநில அரசு வகுக்கும் விதிகளில் ஐந்து செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும். மொத்தப் புகைக்கு ஒரே வரம்பு என்பதை விட்டு மாங்கனீசு, ஆறு இணைதிறன் குரோமியம், நிக்கல், காரீயம், காட்மியம் ஒவ்வொன்றுக்கும் இன்றைய அறிவுக்கேற்ற தனி வரம்பு. சுவாச மண்டலத்தில், கவசத்துக்குள், கடுமையான வேலை நாளில், கான்ட்ராக்ட் தொழிலாளரையும் சேர்த்து அளக்கும் கட்டாயம். நீண்ட ஷிப்டுக்கு வரம்பைக் குறைக்கும் விதி. ஆள் எண்ணிக்கையைக் காரணம் காட்டாமல் வெல்டிங் நடக்கும் எல்லாப் பட்டறைகளுக்கும் எட்டும் பொது அளவீட்டு வசதி. முடிவைத் தொழிலாளியின் கையில் கொடுத்து, அவர் பெயரிலேயே பாதுகாக்கும் ஏற்பாடு. முதலீட்டாளர் மாநாடுகளில் புதிய ஆலைகளுக்கு ஒப்பந்தம் போடும் அரசுக்கு இந்த ஐந்தையும் எழுதுவது பெரிய செலவல்ல. பெரிய ஆலைகளும், தங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளிடம் வெல்டிங் இணைப்பின் தரத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வாங்குவதுபோல, அந்த இணைப்பைப் போட்டவரின் காற்று அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். இணைப்பில் ஓட்டை இருந்தால் வேலையைத் திருப்பி அனுப்புகிறார்கள். காற்றில் குரோமியம் வரம்பைத் தாண்டினாலும் அதே கண்டிப்பைக் காட்டட்டும்.